வடசென்னையிலிருந்து கிளவுட்: தாமதம் குறையவும் சேவை நிற்காமல் ஓடவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் இயங்கும் நான்கு பேர் கொண்ட குழு எங்களுடையது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரைலர் உரிமையாளர்களுக்காக ஒரு பதிவுச் சேவையை நடத்துகிறோம். எந்த வண்டி எங்கே நிற்கிறது, கண்டெய்னரைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோகத் தேவையான ஃபார்ம் 13 என்ற ஆவணம் வந்துவிட்டதா, எந்தக் கேட்டில் வரிசை நீள்கிறது என்பதை ஓட்டுநர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு இரண்டு மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு அந்தத் திரை திறக்காவிட்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். ஓரங்கட்டினால் வரிசையில் இடம் போகும், அன்றைய நடையும் போகும். எங்கள் சர்வர் ஐந்து நிமிடம் படுத்தால் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு நாள் வருமானம் குறைகிறது என்ற நினைப்போடுதான் இந்த வேலையைச் செய்கிறோம்.

சனிக்கிழமை மாலைகளில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து மாணவர்களும் சிறு நிறுவனம் நடத்தும் நண்பர்களும் வந்து பேசுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தாமதம் எங்கிருந்து வருகிறது? செலவு செய்தால் அதைப் பூஜ்யமாக்க முடியுமா?

முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். வெற்றிடத்தில் அது ஓடும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு இது. ஆகவே 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப 1 மில்லி விநாடி ஆகும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், விற்பனையாளர் சொல்லும் எண் உண்மையா என்பதை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

சென்னையிலிருந்து ஹைதராபாத் நேர்கோட்டில் சுமார் 515 கிலோமீட்டர். போய்வர 5 மில்லி விநாடி. மும்பை சுமார் 1,030 கிலோமீட்டர். போய்வர 10. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்க 2002 இல் வந்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32. அமெரிக்காவின் வர்ஜீனியா 13,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, எனவே 130க்கு மேல். இவை இயற்கை வகுத்த கீழ்வரம்புகள். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்களும் இருக்கின்றன. ஆகவே நடைமுறையில் இதைப்போல் இரண்டு மடங்கு ஆனாலும் வியப்பில்லை.

அப்படியானால் சர்வரைச் சென்னையிலேயே வைக்க வேண்டுமா?

வைக்க வழி இருக்கிறது. கிளவுட் என்பது பெரிய நிறுவனங்களின் தரவு மையங்களில் நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள்தான். மைக்ரோசாஃப்ட் அஸூர் 2015 இல் இந்தியாவில் தொடங்கிய மையங்களில் ஒன்று சென்னையில்தான் இருக்கிறது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் 2016 இல் மும்பையிலும் 2022 இல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. கூகுள் கிளவுட் 2017 இல் மும்பைக்கும் 2021 இல் டெல்லிக்கும் வந்தது.

ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மணலியில் நிற்கும் ஓட்டுநரின் போனுக்கும் செல்போன் கோபுரத்துக்கும் இடையிலேயே 4ஜியில் பல பத்து மில்லி விநாடிகள் கரைந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு சென்னையா, மும்பையா என்பதால் வரும் வேறுபாடு இருபது மில்லி விநாடி அளவுதான், அதை அவர் உணரவே மாட்டார். அந்த ரீஜனில் (ஓர் ஊரைச் சுற்றியுள்ள தரவு மையங்களின் தொகுப்பில்) தனித்தனி ஜோன்கள் (மின்சாரமும் குளிரூட்டலும் தனியாகக் கொண்ட பிரிவுகள்) உண்டா, உங்களுக்குத் தேவையான தரவுத்தளச் சேவை அங்கே கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாங்கள் மும்பையைத் தேர்ந்தெடுத்தோம், ஹைதராபாத்தில் மாற்று வைத்திருக்கிறோம். பங்குச் சந்தை வணிகம், நேரலை விளையாட்டு போன்றவற்றுக்கு இந்தப் பதில் பொருந்தாது, அங்கே இருபது மில்லி விநாடியும் பெரிது.

சர்வர் அருகில்தான் இருக்கிறது. இருந்தும் திரை திறக்க ஒரு விநாடி ஆகிறதே?

தூரத்தை அளந்தவர்கள், எத்தனை முறை போய்வருகிறோம் என்பதை எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புதிய இணைப்பு ஒன்றைத் தொடங்க, இரு பக்கமும் தொடர்பை ஏற்படுத்தும் டிசிபி என்ற நெறிமுறை ஒரு முறை போய்வருகிறது. தகவலை மற்றவர் படிக்காமல் பூட்டுவது டிஎல்எஸ் என்ற நெறிமுறை; அதற்கான சாவியை மாற்றிக்கொள்ள டிஎல்எஸ் 1.2 இரண்டு முறை போய்வருகிறது, 2018 இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதை ஒன்றாகக் குறைத்தது. அதன் பிறகுதான் உங்கள் கேள்வியே கிளம்புகிறது. ஒரு பயணம் 80 மில்லி விநாடி என்றால் பழைய முறையில் 320, புதிய முறையில் 240. ஒரு பைசா செலவில்லாமல் 80 மிச்சம். திறந்த இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்தினால் 80 மில்லி விநாடியிலேயே வேலை முடிந்துவிடும்.

தரவுத்தளம் பக்கம் இதைவிட மோசமான கதை உண்டு. ஒருமுறை தரவுத்தளத்தை ஹைதராபாத்துக்கு மாற்றிவிட்டு நிரலை மும்பையிலேயே விட்டுவிட்டோம். வண்டிப் பட்டியல் திரை, அறுபது வண்டிகளுக்கு அறுபது கேள்விகளைத் தனித்தனியாகத் தரவுத்தளத்திடம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லி விநாடி, யாரும் கவனிக்கவில்லை. இடையில் பதினைந்து மில்லி விநாடி நுழைந்ததும் அறுபதால் பெருகி 900 ஆனது. அறுபது கேள்விகளையும் ஒரே கேள்வியாக மாற்றி எழுத அரை நாள் ஆனது. அன்று முதல் நிரலும் அது எழுதும் தரவுத்தளமும் ஒரே ரீஜனில் இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறோம்.

சராசரி நேரம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பயனர்கள் குறை சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பயனர்களை நம்புங்கள். சராசரி, துன்பப்படுபவரை மறைத்துவிடும். நூறு கோரிக்கைகளில் மிக மெதுவான அந்த ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். ஒரு திரை உள்ளே இருபது சேவைகளை அழைக்கிறது, ஒவ்வொன்றும் நூறில் ஒரு முறை மட்டும் மெதுவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திரை மெதுவாகும் வாய்ப்பு நூறில் ஒன்று என்று நினைப்பீர்கள். கணக்கிட்டால் நூறில் பதினெட்டு வருகிறது.

சேவை 99.9 சதவீத நேரம் ஓடும் என்று கிளவுட் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறார்கள். போதாதா?

அந்த எண்ணை நேரமாக மாற்றிப் பாருங்கள். 99.9 என்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் சேவை நிற்கலாம். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். 99.999 என்றால் ஐந்தே கால் நிமிடம். ஒன்றை ஒன்று நம்பி வரிசையாக நிற்கும் ஐந்து சேவைகள் ஒவ்வொன்றும் 99.9 என்றால் மொத்தம் 99.5தான், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணி நேரம். ஒப்பந்தம் மீறப்பட்டால் அவர்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். ஓட்டுநர் இழந்த நடையை யாரும் திருப்பித் தருவதில்லை.

எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவிடுகிறோம். இரண்டு வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் விழுந்தவர்களே அதிகம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். போக இரண்டு தெருக்கள் இருக்கலாம். இரண்டும் கடைசியில் அதே கேட்டைத் தாண்ட வேண்டும் என்றால், கேட் சாத்தியதும் உங்களிடம் தெருவே இல்லை. கிளவுடிலும் கேள்வி இதுதான்: உங்கள் இரண்டு சர்வர்களும் எந்தக் கேட்டைச் சேர்ந்து தாண்டுகின்றன?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் அலுவலகத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்புகள் இருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்தன. தண்ணீர் வடிந்தபின் தெருமுனைக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டு ஒயர்களும் ஒரே கம்பத்தில் ஒன்றாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன, கம்பம் சாய்ந்தபோது சேர்ந்தே போயின. இரண்டு பில் கட்டி ஒரே ஒரு இணைப்பைத்தான் வைத்திருந்திருக்கிறோம்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் தரவை மீட்க முடியாமல் தவித்தார்கள்.

எனவே ஒவ்வோர் இணையையும் எடுத்து, இரண்டையும் ஒரே அடியில் கொல்லக்கூடியது எது என்று கேளுங்கள். மின்சாரம், கேபிள், கட்டடம் ஆகியவை எல்லோருக்கும் தோன்றும். தோன்றாதவையும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே பாதுகாப்புச் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன, அது காலாவதியானால் இரண்டும் மூடிக்கொள்ளும். பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் ஒரே இடத்தில் இருக்கிறது. பிழையுள்ள புதிய நிரல் இரண்டுக்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்கிறது, ஆகவே ஒரு ஜோனுக்கு முதலில் அனுப்பி அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கிளவுட் கணக்குக்குப் பணம் கட்டும் கிரெடிட் கார்டுகூட ஒன்றுதான்.

ஜோன், ரீஜன் இரண்டில் எதைப் பிரித்து வைப்பது?

ஜோன் என்பது மின்சாரமும் குளிரூட்டலும் தனித்தனியாகக் கொண்ட தரவு மையத் தொகுதி. ஒரே ஊரைச் சுற்றிச் சில ஜோன்கள் சேர்ந்தால் ரீஜன். ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு ரீஜனின் ஜோன்கள் ஒன்றுக்கொன்று 100 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மேலே சொன்ன கணக்குப்படி போய்வர ஒரு மில்லி விநாடி அளவுதான். அதனால் ஜோன்களுக்கு இடையே உடனுக்குடன் நகல் எடுக்கலாம். இரண்டு இடத்திலும் எழுதி முடித்த பிறகே 'பதிவாயிற்று' என்று பயனருக்குச் சொல்லலாம், ஒரு பதிவும் தொலையாது.

ரீஜன்களுக்கு இடையே அப்படிச் செய்தால் ஒவ்வொரு பதிவும் அந்தத் தூரத்துக்கான நேரத்தைச் சுமக்க வேண்டும். அதனால் பெரும்பாலோர் நகலைச் சற்றுப் பின்னால் ஓடவிடுகிறார்கள். முதல் ரீஜன் திடீரென்று போய்விட்டால் கடைசிச் சில விநாடிகளின் பதிவுகள் தொலையும். எத்தனை விநாடித் தரவை இழக்கத் தாங்கும், எத்தனை நிமிடத்தில் மீண்டும் எழ வேண்டும் என்ற இரண்டு எண்களையும் வடிவமைப்புக்கு முன்பே தொழில் நடத்துபவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். எங்கள் வண்டிகளின் இருப்பிடம் முப்பது விநாடிக்கு ஒரு முறை புதிதாக வந்துவிடும், தொலைந்தால் பரவாயில்லை. பணம் செலுத்திய பதிவு ஒன்றுகூடத் தொலையக் கூடாது. இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் ஒரே விதிக்குக் கட்டுப்படுத்தியதுதான் எங்கள் முதல் வடிவமைப்பின் பெரிய பிழை.

முதன்மை விழுந்ததும் மாற்று தானாகவே பொறுப்பேற்பது நல்லதுதானே?

முதன்மை உண்மையிலேயே விழுந்திருந்தால் நல்லது. ஒயர் மட்டும் அறுந்திருந்தால் இரண்டுமே 'நான்தான் முதன்மை' என்று எழுதத் தொடங்கும். 2018 அக்டோபர் 21 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் நெட்வொர்க் இணைப்பு 43 விநாடிகள் துண்டிக்கப்பட்டது. அதற்குள் தானியங்கி அமைப்பு மேற்குக் கரைத் தரவுத்தளங்களை முதன்மையாக்கிவிட்டது. இரு கரைகளிலும் மறுபக்கம் அறியாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. அவற்றைச் சீர்செய்து சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது.

அதனால்தான் முடிவெடுக்கும் உறுப்பினர்கள் எப்போதும் மூன்று அல்லது ஐந்து என ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்கிறோம். மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால்தான் பொறுப்பு மாறும். தனித்து விடப்பட்டவர் எழுதுவதை நிறுத்திக்கொள்வார். மூன்றாமவர் தரவு வைத்திருக்கத் தேவையில்லை, வாக்கு மட்டும் போட்டால் போதும். ஆனால் அவர் மூன்றாவது ஜோனில் இருக்க வேண்டும்.

எங்கள் அமைப்பில் ஜோன் மாற்றம் தானாக நடக்கிறது. ரீஜன் மாற்றத்துக்கு மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

சர்வரை எத்தனை சதவீதம் நிரம்ப ஓட்டலாம்? பாதி காலியாக இருந்தால் பணம் வீண் என்கிறார் முதலாளி.

காசிமேட்டில் விடியலுக்கு முன் மீன் எடை போடும் இடத்தை அவருக்கு நினைவூட்டுங்கள். ஒரு கூடைக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கூடைகள் சீராக வருவதில்லை, படகு வரும்போது கொத்தாக வரும். தராசு பாதி நேரம் மட்டும் வேலை செய்தால் ஒரு கூடை வரிசையோடு சேர்த்துச் சராசரியாக 2 நிமிடத்தில் வெளியே வரும். 80 சதவீத நேரம் வேலை செய்தால் 5 நிமிடம். 90 என்றால் 10. 95 என்றால் 20. தராசின் வேகம் மாறவே இல்லை, வரிசைதான் நீள்கிறது. சர்வரும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

மூன்று ஜோன்களில் ஒன்று போனால் மற்ற இரண்டும் ஒன்றரை மடங்கு சுமக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றால் வழக்கமான நாளில் 40 சதவீதத்தில்தான் ஓட வேண்டும். காலி இடம் என்று முதலாளி காட்டுவது, விழும் ஜோனின் சுமைக்காக ஒதுக்கிவைத்த இடம்.

பதில் வராவிட்டால் ஆப் மறுபடி முயல வேண்டும் அல்லவா?

வேண்டும். ஆனால் எல்லாப் போன்களும் ஒரே விநாடியில் மறுபடி முயன்றால், எழ முயலும் சர்வரை அவையே மறுபடி சாய்த்துவிடும். ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், அதில் கொஞ்சம் தற்செயலையும் கலந்துவிடுங்கள். மூன்று முறைக்குப் பிறகு நிறுத்துங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் ஒன்றைக் கொடுத்து அனுப்புவது இதைவிட முக்கியம். முதல் முயற்சி உண்மையில் வெற்றி பெற்று, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்த எண் இல்லாவிட்டால் ஒரு வண்டிக்கு இரண்டு பதிவும் இரண்டு கட்டணமும் விழும்.

கேஷ் (ஒருமுறை எடுத்த பதிலைச் சிறிது நேரம் அருகில் சேமித்துவைப்பது) வைக்கலாமா?

வைக்கலாம். எது எவ்வளவு பழையதாக இருந்தாலும் தீங்கில்லை என்பதை ஒவ்வொரு தகவலுக்கும் தனியாக முடிவு செய்யுங்கள். கேட் நிலவரம் ஒரு நிமிடம் பழையதாக இருக்கலாம். பணம் செலுத்தப்பட்டதா என்பது ஒரு விநாடிகூடப் பழையதாக இருக்கக் கூடாது.

வெள்ளத்தில் செல்போன் கோபுரமே நின்றுபோனால்?

கிளவுடில் எத்தனை ஜோன் இருந்தும் பயனில்லை. மிக்ஜாமின்போது மும்பையில் எங்கள் சர்வர்கள் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. வடசென்னையில் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. எங்கள் கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சையாக இருந்தது, ஓட்டுநர்கள் ஒருவராலும் எங்களை அடைய முடியவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்து வெட்கப்பட்டோம்.

அதன் பிறகு ஆப்பை மாற்றி எழுதினோம். அன்றைய பதிவும் ஃபார்ம் 13 நகலும் போனிலேயே இருக்கும். சிக்னல் இல்லாதபோது செய்த மாற்றங்கள் வரிசையில் காத்திருந்து, கிடைத்ததும் போய்ச்சேரும். அவசரத்துக்குக் குறுஞ்செய்தி வழியாகவும் நிலவரம் கேட்கலாம். சேவை இருக்கிறதா என்பதை இப்போது சர்வர் பக்கம் மட்டும் அளப்பதில்லை. எண்ணூரிலும் மணலியிலும் இரண்டு பழைய போன்களை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டுநரைப் போலவே திரையைத் திறந்து பார்க்கவைத்திருக்கிறோம்.

கண்காணிப்பையும் அதே கிளவுடில் வைத்தால் செலவு குறையுமே?

வேண்டாம். 2017 பிப்ரவரி 28 அன்று ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்3 சேமிப்புச் சேவை வர்ஜீனியாவில் தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் சில மணி நேரம் நின்றது. அவர்களின் நிலவர அறிவிப்புப் பக்கமும் எஸ்3யை நம்பியிருந்ததால், நின்றுவிட்டது என்பதைக்கூட அதில் காட்ட முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்தபோது, அதைச் சரிசெய்யத் தேவையான உள் கருவிகளும் சேர்ந்தே முடங்கின. உங்களை எழுப்பும் அமைப்பு வேறு இடத்தில் இருக்கட்டும்.

பல சர்வர்களில் நிரல்களைத் தானாக நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் கட்டாயமா?

நான்கு பேர் குழுவுக்குக் கட்டாயமில்லை. இரவு இரண்டு மணிக்குத் தனியாக விழித்திருப்பவர் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய அமைப்பே நல்ல அமைப்பு.

மாற்று ஏற்பாடு வேலை செய்யும் என்று எப்படி உறுதி செய்வது?

நீங்களே முதன்மையை அணைத்துப் பாருங்கள். வேறு வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

முதல் ஒத்திகையில் பத்து நிமிடம் ஆகும் என்று எழுதிவைத்திருந்தோம், ஒரு மணி நேரம் தாண்டியது. மூன்று மாதம் முன்பு தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியவர் முதன்மையில் மட்டும் மாற்றியிருந்தார். அதைச் சரிசெய்ததும் டிஎன்எஸ் குறுக்கே வந்தது. பழைய முகவரியை 24 மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும்படி நாங்களே எப்போதோ எழுதியிருந்தோம், எனவே பாதிப் போன்கள் அணைத்த சர்வரையே தேடிக்கொண்டிருந்தன. இப்போது அது 60 விநாடி. பேக்கப்பையும் இப்படித்தான் சோதிக்கிறோம். மாதம் ஒரு முறை வெற்று இயந்திரம் ஒன்றில் அதை மீட்டு, முந்தைய நாள் பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். ஒத்திகையை ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் நடத்துகிறார். எழுதிவைத்த குறிப்பைப் படித்து மட்டும் செய்ய வேண்டும், எழுதியவரிடம் கேட்கக் கூடாது.

நான் மாணவன். கிளவுடுக்குக் கட்டப் பணமில்லை. எப்படிப் பழகுவது?

ஒரு பழைய மடிக்கணினியும் லினக்ஸும் போதும். அதில் மூன்று மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஒன்றில் முதன்மையாகவும் இன்னொன்றில் நகலாகவும் வையுங்கள். மூன்றாவதில் ஒரு சிறு நிரல் விநாடிக்குப் பத்துப் பதிவுகளை வரிசை எண்ணோடு எழுதட்டும். லினக்ஸில் நெட்எம் என்ற வசதி இருக்கிறது. இரண்டு இயந்திரங்களுக்கு இடையே வேண்டுமென்றே தாமதத்தை நுழைக்க அது உதவும். முதலில் 1 மில்லி விநாடி, பிறகு 20, பிறகு 200 கொடுத்து, பதிவின் வேகம் எப்படி விழுகிறது என்று தாளில் எழுதுங்கள். உடனுக்குடன் நகலெடுக்கும் முறையில் ஒரு முறை, பின்தொடரும் முறையில் ஒரு முறை. பிறகு எழுதிக்கொண்டிருக்கும்போதே முதன்மை இயந்திரத்தை நிறுத்துங்கள். நகலை முதன்மையாக்கி, கடைசியாக இருக்கும் வரிசை எண்ணையும் உங்கள் நிரல் 'பதிவாயிற்று' என்று கேட்ட கடைசி எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் எத்தனை எண்கள் காணவில்லை என்று பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு சனிக்கிழமை மாலை வாருங்கள்.